வாசகர் கேள்வி பதில்: கேள்வி நேரமும் கில்லட்டினும்

பள்ளத்தூர் வாசகி: ஐயா, மக்களவை விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது ஒருவர் அரை மணி நேரம் பேசுகிறார், இன்னொருவர் பேசத் தொடங்கியதுமே மணி அடித்துவிடுகிறார்கள். அவைத் தலைவர் ஆளுக்கொரு நீதி வைத்திருக்கிறாரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது, அம்மா. எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அவைத் தலைவரின் தலைமையில் இயங்கும் அலுவல் ஆலோசனைக் குழு முன்கூட்டியே முடிவு செய்கிறது. அந்த நேரம் கட்சிகளின் உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகிறது. 543 இடங்கள் கொண்ட அவையில் ஆறு மணி நேர விவாதம் என்று வைத்துக்கொண்டால், 22 உறுப்பினர்கள் உள்ள கட்சிக்கு ஏறத்தாழ 15 நிமிடம் வரும். இருவர் மட்டுமே உள்ள கட்சிக்குக் கணக்குப்படி ஒன்றரை நிமிடம்கூட வராது. தன் பங்கை ஒருவருக்கே கொடுப்பதா, மூவருக்குப் பகிர்வதா என்பதைக் கட்சியே தீர்மானித்துப் பெயர்ப் பட்டியல் தருகிறது. ஆகவே, மணியடிப்பவர் மீது வரும் கோபத்தில் பாதியாவது பட்டியல் கொடுத்தவர் மீது வருவதுதான் நியாயம்.

தேவகோட்டை வாசகர்: கண்டாங்கிச் சேலை நெசவாளர்களின் நிலை, எங்கள் பகுதிக்குக் கூடுதல் ரயில், எங்கள் தெருவின் கழிவுநீர்க் கால்வாய் ஆகிய மூன்றையும் ஒரே கேள்வியாக எழுப்பச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுத எண்ணியிருக்கிறேன். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல எத்தனை நாளாகும்?

முதலில் மூன்றையும் பிரித்துவிடுங்கள். கால்வாய் உள்ளாட்சியின் வேலை. ஒன்றிய அரசின் பொறுப்பில் வராத எதையும் அவை விதிகள் கேள்வியாக ஏற்பதில்லை. ரயில், ரயில்வே அமைச்சகத்துக்குப் போகும். சேலையில்தான் சற்று நுணுக்கம் இருக்கிறது. நெசவாளர்களுக்கான உதவித் திட்டங்களைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது ஜவுளி அமைச்சகம். 2019இல் கண்டாங்கிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டில் பயனாளர்களாக எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று கேட்டால், அது வணிகம் மற்றும் தொழில் அமைச்சகத்தின் பொறுப்பு. அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கொரு தொகுதி பதில் சொல்வதால், முகவரி மாறினால் நாளும் மாறக்கூடும்.

உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன்னரே எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். வந்து குவியும் கேள்விகளில் எவை முதலில் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. அதன்படி மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறியோடு, அதாவது அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டியவையாக, பட்டியலில் இடம்பெறும். நட்சத்திரக் குறி இல்லாமல் 230 கேள்விகள் வரை எழுத்து மூலப் பதிலுக்குப் போகும். இருபதும் காலை 11 மணி முதல் 12 மணி வரையிலான ஒரே மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். கேட்டவர் துணைக் கேள்விகள் எழுப்புவார். அவைத் தலைவர் அனுமதித்தால் மற்றவர்களும் எழுவார்கள். அதனால் இருபதில் ஒரு சில மட்டுமே வாய்மொழிப் பதிலை எட்டும். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அந்தச் சிலவும் போய்விடும். எஞ்சியவற்றுக்கு எழுத்து மூலப் பதில் அவையில் வைக்கப்படும்.

அமைச்சர் எழுந்து சொல்ல வேண்டும் என்ற ஆசை இயல்பானதுதான். ஆனால் உங்கள் காரியத்துக்கு நட்சத்திரமில்லாத கேள்வியே மேல் என்பேன். குலுக்கலில் இடம் கிடைக்க 230 வாய்ப்புகள் இருக்கின்றன. கிடைப்பது அமைச்சர் பெயரால் வரும் எழுத்து. கூச்சல் அதைத் தடுப்பதில்லை. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்தபோதும் (அது தவறான முடிவு என்பதே என் கருத்து) எழுத்து மூலப் பதில்கள் நிற்கவில்லை. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: “நடவடிக்கை எடுக்கப்படுமா?” என்று முடித்தால் “பரிசீலனையில் உள்ளது” என்ற பதில் ஆயத்தமாகக் காத்திருக்கும். ஆண்டுவாரியாக எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவானது, எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று எண்ணிக்கையைக் கேட்கச் சொல்லுங்கள்.

காரைக்குடி வாசகர்: கேள்வி கேட்டு ஓர் அமைச்சர் பதவி போனதுண்டா?

உண்டு, போனவர் நம் தமிழரேதான். 1956இல் தொடங்கப்பட்ட ஆயுள் காப்பீட்டுக் கழகம், மறு ஆண்டே ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் நிறுவனங்களில் பங்குகளை வாங்கியது. அதைப் பற்றி 1957இல் மக்களவையில் கேள்வி எழுந்தது. பதில் மழுப்பலாக இருக்கவே, பெரோஸ் காந்தி விடாமல் துருவினார். அவர் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பிரதமர் நேருவின் மருமகனும்கூட. நீதிபதி சாக்ளா விசாரித்தார். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். துருவியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர் என்பதைத்தான் இன்றைய ஆளுங்கட்சி உறுப்பினர்கள், அவர்கள் எந்தக் கட்சியினராக இருந்தாலும், எண்ணிப் பார்க்க வேண்டும்.

கண்டனூர் வாசகர்: கொண்டுவிற்ற (கடல் கடந்து வணிகம் செய்த) குடும்பம் எங்களுடையது. ஐந்தொகை எனும் கணக்கறிக்கையை வரிவரியாகப் பார்க்காமல் எங்கள் பாட்டனார் கையெழுத்திட்டதில்லை. பல லட்சம் கோடி ரூபாய்ச் செலவை நாடாளுமன்றம் சில நிமிடங்களில் நிறைவேற்றுகிறதாமே?

உண்மைதான். ஒவ்வோர் அமைச்சகமும் தன் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும், விவாதிக்காமல் எஞ்சிய அத்தனையையும் அவைத் தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டுவிடுவார். இதற்குத்தான் கில்லட்டின் என்று பெயர். நிதியாண்டு தொடங்குமுன் செலவுக்கு அனுமதி வேண்டும் என்பதால், இப்படி ஒரு விதி இருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2018இலும் 2023இலும் மக்களவையில் ஒரு கோரிக்கைகூட விவாதிக்கப்படாமல் எல்லாமே கில்லட்டினுக்குப் போயின. அமளி செய்தவர்களுக்கும், அமளியை நீடிக்கவிட்டு வசதியாக இருந்துவிட்ட அரசுக்கும் அதில் பங்குண்டு.

வரிவரியாகப் பார்க்கும் வேலை வேறிடத்தில் நடக்கிறது. 1993 முதல் துறைசார் நிலைக்குழுக்கள் இருக்கின்றன; இப்போது 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் தொடரின் இடைவேளையில் இவர்கள் துறைச் செயலாளர்களை அழைத்துக் கணக்குக் கேட்கிறார்கள். கூட்டம் மூடிய அறையில் நடப்பதால் கேமராவுக்காகப் பேச வேண்டிய தேவை இல்லை. அறிக்கைகள் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடைக்கின்றன. உங்களைப் போன்ற கணக்கறிந்தவர்கள் படிக்கத் தக்கவை. குழுவின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏற்காதவற்றுக்குக் காரணம் எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான்.