உங்கள் மகளின் மூக்கு உடைந்த கெண்டிகள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தையும் கூட அனுப்பியிருந்த படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மகள், மட்பாண்டக் கலையும் பொருள் வடிவமைப்பும்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்கு உண்மையிலேயே திறமை இருக்கிறதா என்று தெரிந்தால்தான் உங்களுக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது. எதையும் முழுதாக முடிப்பதில்லை, மணிக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், யாரோ செய்ததைப் பார்த்துச் செய்கிறாள் என்று மூன்று குறைகளையும் அடுக்கியிருக்கிறீர்கள்.

திறமை பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பதினேழு வயதில் அதை அளந்து சொல்லும் கருவி யாரிடமும் இல்லை. சொல்லிவிடலாம் என்று யாராவது தேர்வு நடத்திக் கட்டணம் கேட்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஆனால் அவள் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க முடியும். கலைத்துறையில் நிலைத்து நிற்பார்களா என்பதை ஓரளவுக்காவது அதை வைத்துத்தான் சொல்ல முடிகிறது.

நீங்கள் அனுப்பிய படங்களில் வரிசையாக நிறுத்தி வைத்த கோப்பைகள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றிலிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. கடைசிப் படத்தில்தான் கண் நின்றது. கோப்பைகளுக்குப் பின்னால், அலமாரியின் கீழ்த்தட்டில், நீங்கள் ஒதுக்கி வைக்க மறந்த நான்கு தேநீர்க் கெண்டிகள். ஒன்றுக்கு மூக்கு உடைந்திருக்கிறது. இன்னொன்றின் கைப்பிடி, ஒட்டிய இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் கெண்டியின் மூக்கு குட்டையாக, வாய் மழுங்கலாக இருக்கிறது. அடுத்ததில் மூக்கு நீண்டு மேலே ஏறியிருக்கிறது. அதற்கடுத்ததில் நுனி கூராகச் சீவப்பட்டிருக்கிறது. மூடியில் ஒரு சிறு துளை, கடைசி இரண்டில் மட்டும்.

கெண்டி செய்கிறவர்களுக்கு இது புரியும். ஊற்றி நிமிர்த்தும்போது நீர் மூக்கின் அடிப்பக்கமாக வழிந்தால் அந்தக் கெண்டி தோற்றது. விளிம்பு மழுங்கலாக இருந்தால் நீர் அதை ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். கூராக இருந்தால் தாரை சட்டென்று அறுந்து நிற்கும். மூக்கின் நுனி கெண்டியின் வாய் மட்டத்துக்குக் கீழே இருந்தால், முழுதாக நிரப்பும் முன்பே நீர் மூக்கு வழியாக வெளியேறிவிடும். மூடி இறுக்கமாக உட்கார்ந்து, காற்று நுழையத் துளையும் இல்லையென்றால், நீர் விக்கி விக்கி வரும். மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்குவதால், மூடியையும் கெண்டியையும் ஒரே மண்ணில் செய்து, ஒரே நேரத்தில் காயவைக்காவிட்டால் ஒன்றோடொன்று பொருந்தாது. உங்கள் மகள் இவற்றை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். தோற்ற ஒவ்வொரு கெண்டியும் அடுத்த கெண்டிக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருக்கிறது. சேர்க்கைக் குழுவில் நான் உட்கார்ந்திருந்தால் அந்தக் கீழ்த்தட்டைத்தான் கேட்டு வாங்கிப் பார்ப்பேன்.

இனி உங்கள் குறைகளுக்கு வருகிறேன்.

முடிக்காமல் விடுவது. சிற்பி ரோடானுக்கு 1880-ல், கட்டப்படவிருந்த ஓர் அருங்காட்சியகத்துக்குப் பெரிய கதவு ஒன்றைச் செய்யும் வேலை கிடைத்தது. அருங்காட்சியகம் கட்டப்படவே இல்லை. ரோடான் அந்தக் கதவை 1917-ல் இறக்கும்வரை மாற்றிக்கொண்டே இருந்தார். அதற்காக உருவான சிறு உருவங்களில் ஒன்றுதான், கன்னத்தில் கையூன்றி அமர்ந்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற சிந்தனையாளன். முடியாத வேலை வீணான வேலை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் உங்கள் மகள் இதைப் படித்துவிட்டு ரோடானைச் சாக்காகக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் அந்தக் கதவை முடிக்கவில்லையே தவிர, வேறு எத்தனையோ சிலைகளை முடித்துக் கொடுத்தவர்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டால், "ஏன் விட்டாய்?" என்று குற்றம் சாட்டும் குரலில் இல்லாமல் கேளுங்கள். "மூக்கை ஒட்டும்போது அது ஈரமாக இருந்தது, உடல் காய்ந்திருந்தது, அதனால் விரிசல் விட்டது" என்பதுபோல் பதில் வந்தால் கவலையில்லை. "பிடிக்கவில்லை" என்று மட்டும் வந்தால், அதுவும் ஒவ்வொரு முறையும் வந்தால், கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடினமான கட்டம் வரும்போதெல்லாம் புதிதாக ஒன்றைத் தொடங்குவது பலருக்கு ஒளிந்துகொள்ளும் இடம். முடித்தல் என்பது தனியாகப் பழக வேண்டிய கைவேலை. அடிப்பாகத்தைச் சீராக்குவது, சூளையில் உருகிக் கண்ணாடிபோல் படியும் மேல்பூச்சு ஓடி அடியில் ஒட்டாமல் துடைப்பது, இரண்டாம் முறை சூளையில் வைப்பது என்று அதில் சுவாரசியமில்லாத வேலைகள் நிறைய. இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு கெண்டியையாவது ஊற்றிப் பார்க்கும் நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.

சும்மா உட்கார்ந்திருப்பது. இங்கே உங்கள் கவலை பாதி நியாயமானது. பிரிட்டனைச் சேர்ந்த சமூக உளவியலாளர் கிரகாம் வாலஸ் 1926-ல் படைப்புச் சிந்தனையை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்: தயாரிப்பு, அடைகாத்தல், ஒளிர்தல், சரிபார்த்தல். அதன் பிறகு வந்தவர்கள் இதில் பல ஓட்டைகளைக் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் யாரும் இப்படி வரிசையாக வேலை செய்வதில்லை. ஆனால் பெற்றோருக்கு இது ஒரு வகையில் உதவும். அடைகாக்கும் கோழியின் அடியில் முட்டை இருக்க வேண்டும். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்வதற்கு முந்தைய நாட்களில் ஏதாவது வரைந்தாளா, மண்ணைத் தொட்டாளா, யாருடைய வேலையையாவது கூர்ந்து பார்த்தாளா? ஆம் என்றால் அந்த ஒரு மணி நேரத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். ஒன்றுமில்லை என்றால் அது வெறும் சோம்பல்தான். அதற்குக் கலை என்று பெயர் வைக்க வேண்டாம்.

பிக்காசோவுக்கு 1937 ஜனவரியில், பாரிஸ் உலகக் கண்காட்சியின் ஸ்பெயின் அரங்குக்காக ஒரு பெரிய ஓவியம் வரையும் பணி வந்தது. மாதங்கள் ஓடின, ஓவியனின் அறையைக் கருவாக வைத்துச் சில கோட்டோவியங்கள் போட்டார், எதுவும் பிடிபடவில்லை. ஏப்ரல் 26-ஆம் தேதி ஸ்பெயினின் கெர்னிகா நகரின் மீது குண்டு விழுந்தது. மே முதல் தேதி புதிதாக வரையத் தொடங்கினார், ஜூன் தொடக்கத்தில் 'கெர்னிகா' என்ற அந்த ஓவியம் முடிந்துவிட்டது. கேட்டால் மின்னல்போல் வந்த படைப்பு என்று தோன்றும். ஆனால் அது வளர வளர, புகைப்படக் கலைஞர் டோரா மார் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. முதலில் ஒரு வீரனின் கை முஷ்டி மடக்கி வானை நோக்கி உயர்ந்து நிற்கிறது. அடுத்த கட்டத்தில் அந்தக் கைக்குப் பின்னால் பெரிய சூரியன் வருகிறது. பிறகு கையும் போய்விடுகிறது, சூரியனும் போய்விடுகிறது. ஓவியத்தின் நடுவிலேயே நின்ற உருவத்தைத் தூக்கி எறியும் துணிச்சல் அந்தப் புகைப்படங்களில் தெரிகிறது. உங்கள் மகளுக்கு அவற்றைத் தேடிக் காட்டுங்கள். முடிந்த ஓவியத்தைக் காட்டிலும் அவளுக்கு அவை அதிகம் பயன்படும்.

பார்த்துச் செய்வது. இது குறையே இல்லை, அம்மா. வான்கோ ஓவியராக வேண்டும் என்று முடிவெடுத்தபோது அவருக்கு வயது 27. அதற்குமுன் ஓவிய விற்பனை, ஆசிரியர் வேலை, புத்தகக் கடை, மதப் பிரசாரம் என்று சுற்றியவர். முதலில் செய்தது, பார்க் என்பவரின் பயிற்சித் தாள்களைப் பார்த்து அப்படியே வரைந்ததுதான், அதுவும் திரும்பத் திரும்ப. வாழ்வின் இறுதிக் கட்டத்தில்கூட பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ஓவியங்களைப் பார்த்து வரைந்தார். ஆனால் அப்போது அவர் முன்னால் இருந்தவை கருப்பு வெள்ளை அச்சுப் படங்கள். வண்ணம் முழுவதும் அவருடையது. உங்கள் மகளிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: பார்த்துச் செய்ததில் எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய்? பதில் இருந்தால் போதும். பிறருடையதைத் தன்னுடையது என்று காட்டாத வரையில் தாராளமாகச் செய்யட்டும்.

இனி பிழைப்பைப் பற்றி. படித்து முடித்த மறுநாளே சொந்தப் பட்டறை வைப்பது என்பதை முதல் திட்டமாக வைக்க வேண்டாம். ஆரம்ப ஆண்டுகளில் வருமானம் சீராக வராது. பெரும்பாலோர் கற்பித்தல், பிறருடைய பட்டறையில் வேலை, ஆர்டர் வேலை என்று இரண்டு மூன்றைச் சேர்த்துத்தான் நடத்துகிறார்கள். மண் பழகியவர்களுக்கு வழிகள் பல உண்டு: பாத்திரத் தொழிற்சாலைகளில் வடிவமைப்பு, மாதிரி உருவாக்கம், அருங்காட்சியகங்களில் பழைய பொருள்களைச் சீர்செய்தல், ஓடு, மின்காப்பான் முதல் செயற்கைப் பல் உறைவரை செல்லும் தொழில்நுட்பப் பீங்கான் துறை. "இது கலையா?" என்று அவள் முகம் சுளித்தால், அமெரிக்க வடிவமைப்பாளர்களான ஈம்ஸ் தம்பதியரைச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது சார்லஸும் ரேயும், காயம்பட்ட காலை அசையாமல் தாங்கும் சட்டங்களை பிளைவுட்டை வளைத்து அமெரிக்கக் கடற்படைக்குச் செய்து கொடுத்தார்கள். போர் முடிந்ததும் அந்த வளைக்கும் நுட்பம்தான் அவர்களுடைய புகழ்பெற்ற நாற்காலிகளாக மாறியது. பிறர் கொடுத்த வேலை, பிறர் வகுத்த அளவு, கடுமையான தேவை எல்லாம் இருந்தும் கை தன் வழியைக் கண்டுகொண்டது.

கல்லூரி விண்ணப்பத்துக்குப் போர்ட்ஃபோலியோ, அதாவது தன் படைப்புகளின் தொகுப்பு, தயாரிக்கும்போது, எத்தனை படைப்புகள் என்ற எண்ணிக்கையை அந்தந்தக் கல்லூரியின் அறிவிப்பைப் பார்த்து அப்படியே பின்பற்றட்டும். அழகான கோப்பைகளை மட்டும் அடுக்க வேண்டாம். நான்கு கெண்டிகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் என்ன தவறியது, அடுத்ததில் என்ன மாற்றினாள் என்று இரண்டு வரி எழுதட்டும். குறிப்புப் புத்தகத்தில் அடித்துத் திருத்திய பக்கங்களையும் சேர்க்கட்டும், அவற்றை மட்டும் தயவுசெய்து சுத்தமாகத் திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். நேர்காணலில் பெரும்பாலும் இவற்றைப் பற்றித்தான் கேள்வி வரும். எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்ததை ஒப்பித்தால் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்துவிடும்.

கடைசியாக ஒன்று. கலைப் படிப்புதானே என்று இந்த ஆண்டு வேதியியலைக் கைவிட்டுவிட வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். பூச்சில் கலக்கும் அதே இரும்பு ஆக்சைடு, சூளையில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தால் பழுப்பாகவும், குறைந்தால் பச்சையாகவும் வரும். தாமிரமோ ஆக்சிஜன் இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. இதை ஊகித்து ஊகித்தும் கற்கலாம், ஆனால் ஒவ்வொரு ஊகத்துக்கும் ஒரு சூளை விறகோ மின்சாரமோ செலவாகும். அவளுடைய வேதியியல் மதிப்பெண்ணைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அதையும், சூளையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு முறையும் அவள் குறிப்பு எழுதி வைக்கிறாளா என்பதையும் தெரிவியுங்கள்.