53 ஹோம் ரன், 54 வெறும் வாய்ப்புகள்: கிறிஸ் டேவிஸ் பற்றிக் கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் கிறிஸ் டேவிஸ் 2016 ஜனவரியில் ஏழு ஆண்டுகளுக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றார். அந்த அணி அதுவரை யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அதன்பின் அவர் மட்டை அடங்கிப்போனது. ஒப்பந்தம் முடியும் முன்பே, 2021 ஆகஸ்டில், ஓய்வு பெற்றார். ஓரியோல்ஸ் ஆட்டங்களை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக் குறித்து வைத்தவன் என்ற முறையில், அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நான் கிரிக்கெட் மட்டும் பார்ப்பவன். 2018இல் அவருடைய சராசரி 0.168 என்கிறார்கள். அது எவ்வளவு மோசம்?

பேஸ்பாலில் சராசரி என்பது ஓட்டக் கணக்கு அல்ல. பந்தை அடித்து, எதிரணி மடக்கும் முன் தளத்தைத் தொட்டுவிட்டால் அது ஒரு ஹிட். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடிப்பவர், அதாவது 0.300 வைத்திருப்பவர், பெரிய ஆட்டக்காரர். உலகின் மிகச் சிறந்தவர்களும் பத்தில் ஏழு முறை தோற்கிற விளையாட்டு இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

2018இல் லீக் முழுவதன் சராசரி 0.248. டேவிஸ் 470 வாய்ப்புகளில் 79 ஹிட். சராசரிப் பட்டியலில் இடம்பெறும் அளவுக்கு ஒரு பருவம் முழுவதும் ஆடியவர்களில், மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பால்) வரலாற்றிலேயே அதுதான் மிகக் குறைவு.

கேள்வி: அவர் எப்போதாவது நல்ல ஆட்டக்காரராக இருந்தாரா, அல்லது வெறும் விளம்பரமா?

2013இல் 53 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல, பந்து எல்லையைத் தாண்டும் அடி), அடித்துக் கொண்டுவந்த ஓட்டங்கள் 138. இரண்டிலும் அந்த ஆண்டு அவர்தான் முதலிடம். ஓரியோல்ஸ் அணியின் ஹோம் ரன் சாதனை அதுவரை பிரேடி ஆண்டர்சன் 1996இல் அடித்த 50. 2015இல் டேவிஸ் மறுபடியும் 47 ஹோம் ரன் அடித்து முதலிடம் பிடித்தார். அவர் அடிக்கும் பந்து இடது கள எல்லையைக்கூட அனாயாசமாகத் தாண்டும். இடது கை ஆட்டக்காரருக்கு அது எதிர்ப்பக்கம், முரட்டு வலிமை வேண்டும். விளம்பரத்தால் வருகிற விஷயம் இல்லை.

கேள்வி: 2014ஐ ஏன் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்? அந்த ஆண்டே 0.196தானே? அப்புறமும் இவ்வளவு பணம் கொடுத்தது யார் தவறு?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். 2013இல் உச்சம், 2014இல் பள்ளம், 2015இல் மீண்டும் உச்சம். பள்ளத்தை விதிவிலக்கு என்று அணி நம்பியது. உண்மையில் அது முன்னறிவிப்பு.

ஆனால் இந்தச் சம்பள முறையைப் புரிந்துகொள்ளாமல் யாரையும் குறை சொல்ல முடியாது. மேஜர் லீக்கில் சேருகிற இளைஞர் முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே வாங்குகிறார். அடுத்த சில ஆண்டுகள் நடுவர் தீர்ப்பின்படி ஊதியம். ஆறு ஆண்டுகள் பணி முடிந்த பிறகுதான் விரும்பிய அணியோடு பேரம் பேசும் உரிமை. அதற்குள் பெரும்பாலோர் முப்பதை நெருங்கிவிடுகிறார்கள். மட்டையாளரின் உடல் இறங்கத் தொடங்குவதும் அப்போதுதான். உழைத்த காலத்தில் குறைவாகக் கொடுத்து, தளரும் காலத்தில் சேர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு இது. டேவிஸ் கையெழுத்திட்டபோது அவருக்கு 29 வயது, மார்ச்சில் 30. அவருடைய முகவர் ஸ்காட் போராஸ், இந்தத் தொழிலில் மிகக் கெட்டிக்காரர். நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டதற்காக டேவிஸைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை.

கேள்வி: சரி, ஆட்டத்தில் என்னதான் கெட்டது? எல்லாவற்றுக்கும் "ஷிஃப்ட்" என்கிறார்களே.

ஷிஃப்ட் என்பது தடுப்பாளர்களை ஒரு பக்கமாகக் குவித்து நிறுத்துவது. டேவிஸ் போன்ற இடது கை ஆட்டக்காரரின் தரையடிப் பந்துகள் பெரும்பாலும் வலப்பக்கமே போகும். எனவே எதிரணி உள்வட்டத்தின் நான்கு பேரில் மூவரை இரண்டாம் தளத்துக்கு வலப்புறம் நிறுத்திவிடும். முன்பு ஹிட் ஆகியிருக்க வேண்டிய பந்துகள் நேராக ஒருவர் கையுறைக்குள் போகும்.

இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரைக் அவுட் (மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டு ஆட்டமிழப்பது), ஹோம் ரன் இரண்டையும் கழித்துவிட்டு, களத்துக்குள் விழுந்த பந்துகளை மட்டும் எடுத்தால், 2013இல் நூற்றுக்கு 34 ஹிட் ஆகியிருக்கின்றன. 2018இல் நூற்றுக்கு 24. லீக்கில் பொதுவாக முப்பதை ஒட்டி இருக்கும். ஆக, 2013இல் அதிர்ஷ்டமும் கொஞ்சம் கூட நின்றது. 2018இல் ஷிஃப்ட் நிறையத் தின்றது. அதுவரை ஷிஃப்ட் வாதம் செல்லும்.

ஆனால் ஸ்ட்ரைக் அவுட் ஆகிற பந்தை எந்தத் தடுப்பாளரும் தொடுவதில்லை. 2013இல் நூறு வாய்ப்பில் 34 முறை ஸ்ட்ரைக் அவுட். 2018இல் 41 முறை. ஹோம் ரன் கணக்கு இன்னும் வேதனை: 2013இல் 11 வாய்ப்புக்கு ஒன்று, 2018இல் 29க்கு ஒன்று. அந்த ஆண்டுகளில் பந்தெறிபவர்களின் வேகமும் ஏறிக்கொண்டே வந்தது. மட்டை ஒரு கண்ணிமைப்பொழுது தாமதமானால், எல்லைக்கு வெளியே விழ வேண்டிய பந்து வெறும் உயரப் பந்தாகி யாரோ ஒருவர் கையில் இறங்கும். அவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான் என்பது என் கணிப்பு. ஷிஃப்ட் காயத்தைப் பெரிதாக்கியது. காயத்தை உண்டாக்கியது அது அல்ல.

கேள்வி: இடப்பக்கம் ஆளே இல்லையே, அங்கே மெதுவாகத் தட்டிவிட்டு ஓடியிருக்கலாமே?

எதிரணி விரும்பியதும் அதைத்தான். 53 ஹோம் ரன் அடித்தவர் ஒரு தளத்துக்கு மட்டும் தட்டிவிட்டு ஓடினால் அவர்களுக்கு லாபம். தவிர, மணிக்கு 95 மைல் வேகத்தில் வருகிற பந்தைச் சொன்ன திசையில் தட்டுவது லேசான வேலை இல்லை. இரண்டாம் தளத்தின் இருபுறமும் இருவர் இருவராக நிற்க வேண்டும் என்று 2023இல் விதி வந்தது. அவர் போய் இரண்டு பருவம் கழிந்திருந்தது.

கேள்வி: மருந்து விவகாரம்?

2014 செப்டம்பரில் ஆடரால் என்ற மருந்துக்காக 25 ஆட்டத் தடை. கவனக் குறைபாட்டுக்குக் கொடுக்கப்படும் மருந்து அது. அதற்கு முன்பு அவரிடம் மருத்துவ அனுமதி இருந்தது. அந்த ஆண்டு இல்லை. விதியை மீறினார், தண்டனையை அனுபவித்தார். அந்தத் தடையால் அணியின் பிளேஆஃப் ஆட்டங்களும் அவர் கையைவிட்டுப் போயின. அடுத்த ஆண்டே 47 ஹோம் ரன் அடித்தவரின் பிற்காலச் சரிவுக்கு இதைக் காரணமாக்க முடியாது.

கேள்வி: மன்னிக்கவும் ஐயா, நீங்கள் ரொம்பப் பரிவு காட்டுகிறீர்கள். பணம் கைக்கு வந்ததும் ஆள் சும்மா இருந்துவிட்டார். அதுதான் உண்மை.

இந்தக் கருத்தை நான் அடியோடு மறுக்கிறேன். சும்மா இருக்க விரும்புகிறவருக்கு நூறு வழிகள் உண்டு. முதுகுவலி என்று சொல்லிக் காயப்பட்டோர் பட்டியலில் படுத்துக்கொள்ளலாம். சம்பளம் ஒரு காசு குறையாது. இவர் சொந்த ஊர் ரசிகர்கள் கூச்சலிட்டு இகழ்வதைக் கேட்டபடி தினமும் மட்டையோடு நடந்து வந்தார். 2019இல் பால்டிமோரில் நடந்த முதல் ஆட்டத்தில் மூன்று ஸ்ட்ரைக் அவுட். நான்காம் முறை அவருக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பினார்கள். அந்த இகழ்ச்சி ஒலியைத் தொலைக்காட்சியில் கேட்டபோதே எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

முயற்சிகளையும் சொல்கிறேன். 2018 ஜூனில் பல ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்து ஆட்டமுறையைத் திருத்தப் பார்த்தார். 2020 தொடக்கப் பயிற்சி ஆட்டங்களில் நன்றாக அடித்தார். பெருந்தொற்று வந்து எல்லாம் நின்றது. ஜூலையில் திரும்பி வந்தபோது 52 வாய்ப்பில் 6 ஹிட். 2019 ஆகஸ்டில் மேலாளர் பிராண்டன் ஹைடோடு வீரர்கள் அமரும் இடத்திலேயே மோதப் போய், மற்றவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அது தவறுதான். ஆனால் எதையும் பொருட்படுத்தாத மனிதருக்கு அப்படி ஒரு கொதிப்பு வராது.

தன்னை மாற்றிக்கொள்ள முடியாமல் போனார் என்று சொல்லுங்கள், தலையாட்டுகிறேன். முயலவில்லை என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: தொடர்ந்து 54 முறை ஹிட் இல்லை என்பது எப்போது?

2018 செப்டம்பர் நடுவில் தொடங்கியது. பருவம் முடிந்து, குளிர்காலம் கழிந்து, 2019 ஏப்ரல் வரை நீண்டது. மட்டையாளர்களில் முந்தைய மோசமான சாதனை யூஜெனியோ வேலஸின் 46. டேவிஸ் 54இல் நின்றார். நடுவே மோசமான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக முதல் தளம் பெற்றது (வாக்) போன்றவை இந்தக் கணக்கில் சேராது. அவற்றையும் சேர்த்தால் 62 முறை மட்டையோடு வந்து ஒரு ஹிட்கூட இல்லை.

ஏப்ரல் 13 அன்று பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில், முதல் இன்னிங்ஸிலேயே, ரிக் போர்செல்லோ எறிந்த பந்தை வலப்பக்கம் அடித்தார். இரண்டு ஓட்டம். எதிரணி ரசிகர்கள் கைதட்டினார்கள். அந்தப் பந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்று மொத்தம் மூன்று ஹிட், நான்கு ஓட்டங்கள் அவர் மட்டையால். ஓரியோல்ஸ் 9-5 என்று வென்றது.

கேள்வி: அணி ஏன் அவரை முன்பே விடுவிக்கவில்லை? என் அலுவலகத்தில் இப்படி வேலை செய்தால் மறுமாதம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

பேஸ்பால் ஒப்பந்தம் முழுக்க உறுதியளிக்கப்பட்டது. ஆடினாலும் ஆடாவிட்டாலும், விடுவித்தாலும், பணம் கொடுத்தே ஆக வேண்டும். 2021இல் ஏஞ்சல்ஸ் அணி ஆல்பர்ட் பூஹோல்ஸ் போன்ற மாபெரும் ஆட்டக்காரரையே பத்தாண்டு ஒப்பந்தத்தின் கடைசிப் பருவத்தில் விடுவித்தது. மீதிச் சம்பளம் தப்பவில்லை.

ஓரியோல்ஸ் 2018இல் 115 ஆட்டம் தோற்றது, 2019இல் 108. இளைஞர்களை வளர்த்து அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த காலம். எப்படியும் தோற்கப் போகிற ஆண்டுகள் என்பதால், கொடுத்த பணத்துக்கு ஏதாவது தேறாதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2019 பருவம் முடிந்ததுமே பேசி முடித்திருந்தால் அவருக்கும் கௌரவமாக இருந்திருக்கும்.

கேள்வி: இன்னும் அவருக்குப் பணம் போகிறதா?

ஆம். 16.1 கோடியில் 4.2 கோடி டாலர் தள்ளிவைக்கப்பட்ட சம்பளம்; வட்டி கிடையாது. 2037 வரை தவணையாகப் போகும். 2019இல் அவரும் மனைவியும் பால்டிமோரில் உள்ள மேரிலாந்து பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இப்படி விழுந்தவர்கள் யாராவது எழுந்திருக்கிறார்களா?

கோடி பெல்லிஞ்சர். 2019இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது, 2021இல் 0.165, 2022 பருவம் முடிந்ததும் டாட்ஜர்ஸ் அணி கைவிட்டது. 2023இல் சிகாகோ கப்ஸ் அணியில் 0.307. ஆனால் அவருக்கு அப்போது 28 வயதுதான். டேவிஸுக்கு அந்தக் கால அவகாசம் இல்லை.

கேள்வி: வணக்கம். என் மகனுக்குப் பதினொரு வயது. இங்கே மேரிலாந்தில் பள்ளி நண்பர்களோடு பேஸ்பால் ஆடுகிறான். மூன்று வாரமாக ஒரு ஹிட் இல்லை, ராத்திரி அழுகிறான். என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஐயா.

அம்மா, உங்கள் கேள்வியைத்தான் நான் முதலில் படித்தேன்.

டேவிஸின் அந்த 54 நடந்துகொண்டிருந்தபோது, பாஸ்டன் அணியின் ரசிகனான ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் அவருக்குக் கடிதம் எழுதினான். நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதற்கும் நீங்கள் எவ்வளவு நல்லவர் என்பதற்கும் சம்பந்தமில்லை என்ற பொருளில். அந்தக் கதையை மகனிடம் சொல்லுங்கள். ஆட்டம் முடிந்து காரில் வரும்போது ஹிட் பற்றிப் பேச வேண்டாம். பசிக்கிறதா என்று கேளுங்கள். அவனாக எடுத்தால் மட்டும், பந்தை மட்டையில் நன்றாக வாங்கினாயா என்று விசாரியுங்கள். நன்றாக அடித்த பந்தும் பிடிபடும். அது அவன் தவறு அல்ல. பயிற்சியாளரிடம் தனியாகப் பேசி, சில நாள் மெதுவான பந்துகளை எறியச் சொல்லுங்கள். அழுகை தொடர்ந்தால் ஓரிரு வாரம் ஓய்வு கொடுங்கள். எப்படி இருக்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டேவிஸின் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றைத் தேடிப் பார்க்கலாம் என்றால் எது?

2012 மே 6. அதே ஃபென்வே பார்க். ஒன்பதில் முடிய வேண்டிய ஆட்டம் 17 இன்னிங்ஸ் போனது. டேவிஸ் அன்று மட்டையோடு எட்டு முறை வந்து எட்டும் வீண். அதில் ஐந்து ஸ்ட்ரைக் அவுட். அணியில் பந்தெறிய ஆள் தீர்ந்துவிட்டதால் பதினாறாம் இன்னிங்ஸில் அவர் கையிலேயே பந்தைக் கொடுத்தார்கள். இரண்டு இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ஓட்டமும் விடவில்லை. பாஸ்டனின் நட்சத்திர மட்டையாளர் அட்ரியன் கொன்சாலஸையே ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஆடம் ஜோன்ஸின் ஹோம் ரன்னால் ஓரியோல்ஸ் 9-6 என்று வென்றது. வெற்றி பெற்ற பந்தெறிபவர் என்ற இடத்தில் கிறிஸ் டேவிஸ் பெயர் பதிவாகியிருக்கிறது.