டோக்கனில் தப்பு நேரம்

கேள்வி: அல்சூரில் அப்பா தர்ஷினி (நின்றபடி சாப்பிடும் சின்ன டிஃபன் கடை) நடத்துகிறார். டோக்கன் அச்சடிக்க, எஸ்.பி. ரோட்டில் வாங்கிய சின்ன லினக்ஸ் போர்டில் சி புரோகிராம் எழுதினேன். ஜனவரி 12, காலை 7.10க்கு இட்லி வாங்கியவரின் டோக்கனில் '12-0-126, 1:40' என்று விழுகிறது. அப்பா முறைக்கிறார். லேப் நோட்டில் உள்ள, தேதி தரும் கெட்டேட் ஃபங்ஷனைப் போட்டால் கம்பைலே ஆகவில்லை. என்ன செய்வது, சார்?
– கல்லூரி மாணவர், பெங்களூரு

பதில்: முதலில் அந்த லேப் நோட்டை மூடி வையுங்கள், தம்பி. கெட்டேட், கெட்டைம் எல்லாம் டர்போ சி காலத்து டாஸ் சமாச்சாரம். லினக்ஸில் அந்த டாஸ் ஃபங்ஷன்கள் கிடையாது. நமக்கு சி மொழியின் நேர ஃபங்ஷன்கள் உள்ள டைம்.ஹெச் போதும்.

அதில் உள்ள டைம் ஃபங்ஷன் தருவது வெறும் விநாடிக் கணக்கு: யுடிசிப்படி (உலகப் பொது நேரப்படி) 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து ஓடிய விநாடிகள். அதை நாள், மாதம், வருஷமாகப் பிரித்து ஸ்ட்ரக்ட் டிஎம் என்ற கட்டமைப்பில் போடுவது லோக்கல்டைம் ஃபங்ஷன். அங்கே வருஷம் 1900இலிருந்து எண்ணப்படும். 2026க்கு 126 வரும். மாதம் 0 முதல் 11 வரை. நாள் மட்டும் ஒழுங்காக 1இலிருந்து! மாதப் பெயர்களை ஓர் அர்ரேயில் (0இலிருந்து எண்ணும் பட்டியலில்) வைத்திருந்தால் 0 வசதிதான். டோக்கனுக்கு அது உதவாது. வருஷத்தோடு 1900, மாதத்தோடு 1 கூட்டுங்கள். அதைவிட, நேரத்தை நாம் கேட்கும் வடிவில் எழுதித் தரும் எஸ்டிஆர்எஃப்டைமிடம் விட்டுவிடுவது நல்லது, அதுவே கூட்டிக்கொள்ளும். அதற்குத் தரும் வடிவக் குறியில், சதவீதக் குறிக்குப் பின் சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இதை மாற்றிப் போட்டால் ஜனவரி முழுக்க ஏழு மணி டோக்கன் எல்லாம் 7:01தான்.

அடுத்தது 7.10க்கும் 1:40க்கும் இடையிலான அந்த ஐந்தரை மணி நேரம். போர்டு இன்னும் யுடிசியிலேயே இருக்கிறது. விநாடிக் கணக்கில் 19800 கூட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். நாளைக்கு வேறொருவர் டைம்ஸோனைச் சரி செய்தால், டோக்கன் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். போர்டின் டைம்ஸோனையே 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றுங்கள். பட்டியலில் பெங்களூருவைத் தேட வேண்டாம். இந்தியா முழுவதுக்கும் அதுதான்.

இன்னொரு குழி. யுடிசி நேரத்தையும் நம்மூர் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்துப் பார்க்க ஆசை வரும். யுடிசியாகப் பிரிக்கும் ஜிஎம்டைமையும் லோக்கல்டைமையும் அடுத்தடுத்து அழைத்து, அவை தரும் இரண்டு பாயின்டரையும் (விடை இருக்கும் இடத்தின் முகவரி) வைத்துக்கொண்டு பிறகு அச்சடித்தால், இரண்டிலும் ஒரே நேரம் வரும். லினக்ஸில் பொதுவாக இரண்டும் ஒரே இடத்தில்தான் எழுதுகின்றன. பின்னால் வந்தது முன்னதை அழித்துவிடுகிறது. முதல் விடையை உங்கள் சொந்த ஸ்ட்ரக்டில் நகலெடுத்துக்கொண்டு, அப்புறம் இரண்டாவதை அழையுங்கள்.

போர்டில் கடிகார பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், கரன்ட் போய் வந்ததும் இன்டர்நெட் கிடைக்கும்வரை பழைய நேரமே ஓடும். விநாடிக் கணக்கை வைத்திருக்கும் டைம்_டி 32 பிட் என்றால் 2038 ஜனவரி 19, நம் கணக்கில் காலை 8.44 மணி 7 விநாடி தாண்டியதும் கணக்கு நிரம்பி 1901க்குப் போய்விடும். நல்ல டிஃபன் நேரம்! அதற்குள் போர்டை மாற்றிவிடுவீர்கள், விடுங்கள்.

நேரத்தை நேரடியாக ஒரு வரி எழுத்தாகத் தரும் சிடைம் பக்கம் மட்டும் போகாதீர்கள். கடைசியில் அதுவாகவே ஒரு புது வரி சேர்க்கும். டோக்கனுக்கு டோக்கன் ஒரு வரிப் பேப்பர் தண்டம்.