சிறுநீரகப் புற்றுநோய் வளர்வதில் நீள் குறியாக்கமற்ற ஆர்.என்.ஏ.க்களுக்கு என்ன பங்கு? அவற்றைத் தடுத்தால் நோய் நிற்குமா?

பங்கு நிச்சயம் உண்டு. ஆனால் பெரும்பாலும் நோயைத் தொடங்கி வைப்பவை அவை அல்ல. தொடங்கிய நோய் வளரவும், பரவவும், மருந்துக்கு அடங்காமல் போகவும் துணை போகிறவை. தடுத்துப் பார்க்கும் வேலை ஆய்வகத்தில் பலன் தந்திருக்கிறது, சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

நம் மரபணுத்தொகுதியில் புரதம் செய்வதற்கான குறிப்பு உள்ள பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற பகுதிகளிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அவற்றில் 200 நியூக்ளியோடைடுகளுக்கு மேல் நீண்டு, புரதமாகாமல் ஆர்.என்.ஏ.வாகவே வேலை செய்பவற்றைத்தான் நீள் குறியாக்கமற்ற ஆர்.என்.ஏ. என்கிறோம்.

சிறுநீரகப் புற்றில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு 'கிளியர் செல்' வகை. அதில் முதல் பழுது பெரும்பாலும் 3ஆம் குரோமோசோமில் உள்ள வி.எச்.எல். மரபணுவில் விழுகிறது. ஆக்சிஜன் குறையும்போது செல்லைச் சமாளிக்க வைப்பவை ஹிஃப் புரதங்கள்; ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது அவற்றை அழிக்க வைப்பது வி.எச்.எல்.தான். அது கெட்டுவிட்டால் ஹிஃப் தேங்கும். ஆக்சிஜன் பற்றாக்குறை வந்துவிட்டதைப் போல செல் புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும். ஹிஃப் புரதங்களில் ஒன்றுக்கான ஹிஃப்-1 ஆல்ஃபா மரபணுவின் எதிரிழையிலிருந்து (டி.என்.ஏ.வின் எதிர்ப்பக்க இழையிலிருந்து) படியெடுக்கப்படும் ஏஹிஃப் என்ற குறியாக்கமற்ற ஆர்.என்.ஏ. சிறுநீரகப் புற்றில் மிகுந்திருப்பது 1999-லேயே தெரிந்துவிட்டது. இந்தத் துறை பலர் நினைப்பதுபோல நேற்று முளைத்ததல்ல.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது எல்.என்.சி.ஏ.ஆர்.எஸ்.ஆர். என்ற நீள் குறியாக்கமற்ற ஆர்.என்.ஏ. பற்றி 2016-இல் வந்த ஆய்வு. சுனிடினிப் மாத்திரை ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுத்துக் கட்டியைக் கட்டுப்படுத்தும். ஆனால் பலருக்குச் சில காலத்தில் பலன் நின்றுவிடும். அப்படிப் பலன் தராத கட்டிகளில் இந்த ஆர்.என்.ஏ. கூடுதலாக இருந்தது. எப்படி வேலை செய்கிறது? மைக்ரோ ஆர்.என்.ஏ.-34, 449 என்ற சின்ன ஆர்.என்.ஏ.க்கள் ஏ.எக்ஸ்.எல்., சி-மெட் என்ற இரண்டு வளர்ச்சி ஏற்பிகளின் (வளரச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதங்களின்) அளவை அடக்கி வைக்கின்றன. எல்.என்.சி.ஏ.ஆர்.எஸ்.ஆர். அந்தச் சின்ன ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சுபோல உறிஞ்சிக்கொள்கிறது. அடக்க ஆளில்லாமல் இரு ஏற்பிகளும் பெருகுகின்றன. சுனிடினிப் மூடிய வழிக்கு மாற்றுவழி கிடைத்துவிடுகிறது. இதைவிடக் கவலை தருவது அடுத்தது: எதிர்ப்புள்ள செல் இந்த ஆர்.என்.ஏ.வை எக்சோசோம் என்னும் நுண்பைகளில் அடைத்து வெளியே அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்துச் செல்லும் மருந்துக்கு அசையாததாகிவிடுகிறது!

அந்த ஆர்.என்.ஏ.வைக் குறிவைத்துச் செயற்கை நியூக்ளிக் அமிலத் துண்டைச் செலுத்தியபோதும், அந்த ஏற்பிகளைத் தடுத்தபோதும் சோதனைக் கட்டிகளில் சுனிடினிப் மறுபடி வேலை செய்தது. 2016-இலேயே சிறுநீரகப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்ற கபோசான்டினிப் என்ற மருந்து தடுப்பவற்றில் ஏ.எக்ஸ்.எல்., சி-மெட் இரண்டும் உண்டு. ஆக, ஆர்.என்.ஏ.வையே தொடாமல், அது திறந்துவிடும் பாதையை அடைக்கும் மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது.

நீள் குறியாக்கமற்ற ஆர்.என்.ஏ.க்கள் எல்லாமே கெடுதல் செய்பவை அல்ல. அவற்றில் மெக்3 என்பது புற்றை அடக்கும் பக்கம் நிற்பது. கட்டியில் அது குறைந்துபோகிறது. மாலட்1 என்ற இன்னொன்று கட்டியில் கூடுகிறது, இ.இசட்.எச்.2 புரதத்தோடு சேர்ந்து செல் இடம்பெயரத் துணைசெய்கிறது. ஆனால் மாலட்1 அறவே இல்லாத எலிகள் இயல்பாகவே வளர்ந்தன என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதனால், 'கட்டியில் இந்த ஆர்.என்.ஏ. அதிகம்' என்று மட்டும் சொல்லும் கட்டுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அதைக் குறைத்தால் கட்டி சுருங்கியதா, திரும்பக் கொடுத்தால் மறுபடி வளர்ந்ததா என்று பார்த்திருக்கிறார்களா? அதைத்தான் தேடுவேன்.

புராஸ்டேட் புற்றில் பி.சி.ஏ.3 என்ற இதே வகை ஆர்.என்.ஏ.வைச் சிறுநீரில் அளக்கும் சோதனைக்கு 2012-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சிறுநீரகப் புற்றில் அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. வீட்டில் யாருக்காவது நோய் இருந்து இதைக் கேட்கிறீர்கள் என்றால், இந்தப் பெயர்களை வைத்துத் தனியார் பரிசோதனை எதற்கும் பணம் கட்ட வேண்டாம். கட்டியின் வகை, நிலை, பரவல், இவற்றை வைத்துத்தான் புற்றுநோய் மருத்துவர் சிகிச்சையை முடிவுசெய்வார்.