சிரப் செட் வாங்கும் முன்…

கேள்வி: டிராமிசு (காபி, க்ரீம், கோகோ சேர்ந்த இத்தாலிய இனிப்பு), கேரமல், சாக்லேட் கேக் போன்ற இனிப்புகளின் சுவையில் ஐஸ் காபி செய்ய ஆசை. முதல்முறை செய்தபோது சப்பென்று இருந்தது. சர்க்கரையும் அடியில் தங்கிவிட்டது. காபியில் கலக்கும் சுவையூட்டிய சர்க்கரைப் பாகு, அதாவது சிரப், ஆறு பாட்டில் செட்டும் காபி மெஷினும் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

குளிர்ந்த காபியில் சர்க்கரை லேசில் கரையாது. அதற்குச் சிரப் தேவைதான், ஆனால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு கப் தண்ணீரில் ஒரு கப் சர்க்கரையைப் போட்டு, கரையும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் தாங்கும். கடைச் சிரப்பின் லேபிளில் சேர்மானங்களைப் பாருங்கள். எடை அதிகமானது முதலில் வரும்; பெரும்பாலும் சர்க்கரையும் தண்ணீரும்தான் முன்னால் நிற்கும்.

கேரமலுக்கும் அதே சர்க்கரைதான். தண்ணீர் விடாமல் அடிகனமான பாத்திரத்தில் உருக்குங்கள். தேன் நிறம் தாண்டிச் செம்பழுப்பாகும்போது அடுப்பை அணைத்து, வெந்நீரை ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குபீரென்று பொங்கித் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். கேரமல் சாஸ் வேறு பொருள். அது வெண்ணெயும் க்ரீமும் சேர்ந்து கெட்டியாக இருப்பதால் ஐஸ் காபியில் கலக்காமல் அடியில் உட்கார்ந்துவிடும். கிளாஸின் உள்பக்கம் கோடு போட மட்டும் நல்லது.

சப்பென்று இருந்ததற்கு ஐஸ்தான் காரணம். அது உருகும் என்பதைக் கணக்கில் வைத்து, வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் பாதியில் டிகாஷன் இறக்குங்கள். இன்ஸ்டன்ட் என்றால் இரண்டு டீஸ்பூன் தூளைக் கால் கப்புக்கும் குறைவான வெந்நீரில் கரையுங்கள். மீந்த காபியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால், உருகினாலும் காபியாகவே உருகும். மிச்சமாகும் பணத்தை நல்ல காபித்தூளில் போடுங்கள். தூள் சுமாராக இருந்தால் எந்தச் சிரப்பும் கைகொடுக்காது.

டிராமிசு சுவைக்கு, காபியின் மேலே க்ரீமும் கோகோவும் போதும். க்ரீம் பாக்கெட்டில் கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கெட்டியாக நுரைக்காது. 'விப்பிங் டாப்பிங்' என்று விற்பது பல நேரம் தாவரக் கொழுப்புதான், அதையும் லேபிளே சொல்லும். நுரைக்க மெஷின் எதற்கு? குளிர்ந்த க்ரீமை மூடி இறுக்கமான ஜாடியில் பாதிவரை ஊற்றிக் குலுக்குங்கள். சளசளவென்ற சத்தம் மந்தமானதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் குலுக்கினால் வெண்ணெய் திரண்டுவிடும். கோகோவை மேலே சலித்துத் தூவுங்கள். சாக்லேட் கேக் சுவைக்கு அதே கோகோவைச் சூடான டிகாஷனிலேயே குழைத்துவிடுங்கள், குளிர்ந்ததில் போட்டால் கட்டி கட்டியாக மிதக்கும்.

ஹேசல்நட் போல வீட்டில் எளிதில் வராத சுவை வேண்டுமென்றால், அதை மட்டும் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். திறந்தபின் எத்தனை நாளைக்குள் தீர்க்க வேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள்.