கேள்வி நேரம்: மூடுபனியில் விமானம் இறக்கியவர்

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கே இத்தனை கடிதங்களா! நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

"கிளார்க்கை முன்னாள் படைவீரர் என்று எழுதியிருந்தீர்கள். விஞ்ஞானி என்றுதானே படித்திருக்கிறோம்? எந்தப் போரில் சண்டை போட்டார்?" – ஒரு வாசகர், திண்டுக்கல்

இரண்டாம் உலகப் போர். ஆனால் அவர் கையில் இருந்தது துப்பாக்கி அல்ல, ராடார்.

1917-ல் இங்கிலாந்தின் மைன்ஹெட் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். 13 வயதில் அப்பா இறந்துவிட்டார். கல்லூரிக்கு வசதியில்லை. 1936-ல் லண்டனில் அரசாங்க உத்தியோகம். ஓய்வூதியக் கணக்குகளைத் தணிக்கை செய்கிற வேலை. போர் மட்டும் வராதிருந்தால் ரிட்டயர் ஆகும்வரை கூட்டிக் கழித்துக்கொண்டு இருந்திருப்பாரோ என்னவோ.

1941-ல் விமானப் படையில் சேர்ந்தார். அமெரிக்காவில் லூயிஸ் ஆல்வரெஸ் குழு உருவாக்கிய ஒரு புது ராடார் அவர் பொறுப்புக்கு வந்தது. இங்கிலாந்தின் பனி தெரியுமல்லவா, ஓடுபாதையே கண்ணுக்குத் தெரியாது. ஓடுபாதை ஓரமாக நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்தபடி, திரையில் நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே ரேடியோவில் விமானியிடம் பேசுவார்கள்: 'கொஞ்சம் இடது... உயரம் அதிகம், இறங்கு... சரி, அப்படியே வா.' சக்கரம் தரையைத் தொடும்வரை பேச்சு நிற்கக் கூடாது. போர் முடிந்த பிறகு, 1948-49-ல் பெர்லினுக்கு விமானத்திலேயே உணவும் நிலக்கரியும் கொண்டு போனார்களே, அப்போது இந்த முறைதான் கைகொடுத்தது. அந்த ஆல்வரெஸ் 1968-ல் இயற்பியல் நோபல் வாங்கினார். கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும் சேர்ந்து எழுதிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற விண்வெளிப் படம் வெளிவந்ததும் அதே வருஷம்தான்!

பட்டமெல்லாம் அப்புறம்தான். முன்னாள் படைவீரர்களுக்கான உதவித்தொகையில் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் படித்து, 1948-ல் கணிதம், இயற்பியலில் முதல் வகுப்பு. ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகாமல் ஓர் இயற்பியல் பத்திரிகையில் உதவி ஆசிரியரானார். 1951-லிருந்து முழுநேர எழுத்து.

"செயற்கைக்கோள் யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பாரே, ஏன் விட்டார்?" – ஒரு கல்லூரி மாணவி, சேலம்

அவரே இதைச் சொல்லித் தன்னைக் கேலி செய்துகொண்டதுண்டு. 1945 அக்டோபரில், இன்னும் படையில் இருந்தபோதே, 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் அந்த யோசனையைச் சொல்லும் கட்டுரை வந்தது. சம்பளம் 15 பவுன். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு நிலையம் வைத்தால், பூமியின் வேகத்திலேயே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும்; மூன்று வைத்தால் ஏறக்குறைய உலகம் முழுக்க ஒலி, ஒளி பரப்பலாம். பாதையை முதலில் கணக்கிட்டவர் அவர் அல்ல, 1928-லேயே பொடோச்னிக் என்பவர் எழுதிவிட்டார். அதை உலகத்துக்கே ஒலிபரப்பும் ஏற்பாடாக மாற்றியதுதான் கிளார்க்கின் மூளை.

காப்புரிமை வாங்கியிருந்தாலும் சல்லிக்காசு தேறியிருக்காது. அன்றைய பிரிட்டிஷ் சட்டப்படி அதற்கு ஆயுள் 16 வருடம். அப்படி நிலையாக நின்ற முதல் செயற்கைக்கோள் 'சின்காம் 3' மேலே போனது 1964-ல். எனக்குப் பிடித்த இடம் வேறு. அந்த நிலையங்களில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்றுதான் கிளார்க் நினைத்தார். பழைய ரேடியோக்களில் இருந்த மாதிரியான கண்ணாடி வால்வு கெட்டுப்போனால் யார் மாற்றுவது? ராடார் வண்டியோடு மல்லுக்கட்டிய ஆளுக்குத்தான் அந்தக் கவலை வரும்.

"எங்கள் கோணேஸ்வரத்துக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?" – ஒரு வாசகர், திருகோணமலை

உண்டு. கடலில் மூழ்கிப் பார்க்கும் ஆசைதான் அவரை 1956-ல் இலங்கையில் குடியேற்றியது. எடையில்லாமல் மிதப்பது எப்படி இருக்கும் என்று ராக்கெட் ஏறாமல் தெரிந்துகொள்ள வேறு வழி ஏது? அந்த வருஷமே நண்பர் மைக் வில்சனோடு கோணேஸ்வரம் கோயில் நிற்கும் சுவாமி மலை என்ற கடலோரப் பாறைக்குக் கீழே கடலில் இறங்கினார். 17-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடந்தன. அங்கிருந்து மீட்ட லிங்கம் பின்பு கோயிலுக்கே போய்ச் சேர்ந்தது. தப்ரபேன் (இலங்கையின் பழைய பெயர்) பவளப்பாறைகளைப் பற்றிய அவருடைய 1957-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இந்தக் கதை வருகிறது.

1962-ல் போலியோ தாக்கியது. பிற்காலத்தில் சக்கர நாற்காலி. தண்ணீருக்குள் மட்டும் பழைய ஆள்தான். 2008-ல் கொழும்பில் காலமானார்.

"எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?" – ஒரு வாசகி, கோவை

'சொர்க்கத்தின் நீரூற்றுகள்', 1979. பூமியிலிருந்து விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் கதை. இலங்கையின் சிகிரியா பாறைக்கோட்டையும் சிவனொளிபாத மலையும் வேஷம் மாறி வருகின்றன. லிஃப்டுக்கு நிலநடுக்கோடு வேண்டும் என்பதற்காக இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார் மனுஷர். மனிதர்களை எழுதுவதில் அவர் சுமார்தான், எந்திரங்களுக்குத்தான் உயிர் கொடுப்பார். காதல் காட்சிகளை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.