மங்கும் சுவைகள்: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு வயது 46. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பரணில் கிடந்த என் தாத்தாவின் சுவர்க் கடிகாரத்தை எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். உள்ளே கெட்டிருந்தது ஒரே ஒரு சிறு துண்டுதான். அதைச் சரிசெய்து ஊசலைத் தட்டிவிட்டபோது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக நின்றுபோயிருந்த அது ஓடத் தொடங்கியது. அன்று இரவு நான் தூங்கவில்லை. இன்று என்னிடம் 63 கடிகாரங்கள் இருக்கின்றன. அலுவலகம் விட்டு வந்து மேசை விளக்கைப் போட்டு உட்கார்ந்தால் நள்ளிரவு தாண்டித்தான் எழுகிறேன். முன்பெல்லாம் நிறையப் படிப்பேன், பாட்டுக் கேட்பேன், நண்பர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது எதிலும் பத்து நிமிடங்களுக்கு மேல் மனம் நிற்பதில்லை.

சென்ற மாதம், கல்லூரியில் படிக்கும் என் மகள் என் அறைக்கு வந்து, பக்கத்தில் நின்று, நெடுநேரம் ஏதோ சொன்னாள். நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தில் 'டிக்'குக்கும் 'டக்'குக்கும் நடுவிலுள்ள இடைவெளி சமமாக இல்லை. என் காது முழுக்க அதில்தான் இருந்தது. அவள் போன பிறகு, அவள் அழுதாள் என்பது நினைவுக்கு வந்தது. என்ன சொன்னாள் என்பது வரவில்லை. திரும்பப் போய்க் கேட்க வெட்கமாக இருந்தது. இன்றுவரை கேட்கவில்லை.

நான் குடிப்பதில்லை, கடன் வாங்கவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. எதன் மீதும் ஆழ்ந்த பற்றில்லாமல் வாழ்ந்து முடிப்பவர்களைவிட இது மேலானது என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். இப்போது ஐயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நின்றுபோன ஒன்றை ஓட வைத்த அந்த இரவில் உங்களுக்குத் தூக்கம் வராமல் போனதை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். அந்த மகிழ்ச்சியைச் சிறுமைப்படுத்தும் எதையும் நான் சொல்லப்போவதில்லை.

கடிகாரங்களோடு வாழ்பவர் என்பதால் ஜான் ஹாரிசனை நீங்கள் அறிந்திருப்பீர்கள். நடுக்கடலில் கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதைக் கண்டறியும் வழிக்கு 20,000 பவுண்டு வரை பரிசளிப்பதாகப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1714-இல் சட்டம் இயற்றியது. அதற்கான கடல் கடிகாரத்தைச் செய்வதிலேயே, தச்சராகத் தொழில் தொடங்கிய அந்த மனிதர் தம் வாழ்நாளைக் கழித்தார். மூன்றாவது கடிகாரத்துக்கு மட்டும் அவர் 19 ஆண்டுகளைக் கொடுத்தார். வெப்ப மாறுதலைத் தானே ஈடுசெய்யும் ஈருலோகப் பட்டை அதிலிருந்துதான் பிறந்தது. ஆனால் எந்த நோக்கத்துக்காக அது செய்யப்பட்டதோ அந்த நோக்கம் அதனால் நிறைவேறவில்லை. 1759-இல் அவர் முடித்த நான்காவது கருவி, சுமார் 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெரிய பைக்கடிகாரம். விடை அதில்தான் இருந்தது. பரிசுப் பணத்தின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்துசேர 1773 வரை போராட வேண்டியிருந்தது. அடுத்த மூன்றாண்டுகளில் அவர் இறந்துபோனார்.

உங்களைப் போன்றவர்களுக்கு ஆறுதல் சொல்ல வருபவர்கள் இப்படியொரு கதையைத்தான் கையில் எடுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் 19 ஆண்டுகளை நாம் முடிவிலிருந்து திரும்பிப் பார்க்கிறோம். நான்காவது கடிகாரம் உருவாகாமல் போயிருந்தால் அதே ஆண்டுகளை வேறு பெயர் சொல்லி அழைத்திருப்போம். ஒன்றிலேயே கரைந்துபோன வாழ்க்கைகளில் மிகப் பெரும்பாலானவை எந்தக் கருவியையும் விட்டுச்செல்வதில்லை. அப்படியே விட்டுச்சென்றாலும், அறைக்கு வந்து அழுத மகள் என்ன சொன்னாள் என்ற கேள்விக்கு அந்தக் கருவி பதிலாகாது.

உங்கள் கடிதத்தை முடித்ததும் என் நினைவுக்கு முதலில் வந்தவர் சார்ல்ஸ் டார்வின். 1846-இல் அவர் கொட்டலசுகளை ஆராயத் தொடங்கினார். கப்பலின் அடியிலும் கடற்பாறையிலும் ஒட்டிக்கொண்டு வாழும் அந்தச் சிற்றுயிர்களில் ஒரே ஒரு வகையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதுதான் முதலில் இருந்த எண்ணம். வேலை 1854 வரை நீண்டது. நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்து கொட்டலசுகளை அறுத்துக்கொண்டிருக்கும் தந்தையைப் பார்த்தே வளர்ந்த அவருடைய பிள்ளைகளில் ஒருவர், அண்டை வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அப்படியானால் அவர் தம் கொட்டலசுகளை எங்கே வைத்துச் செய்கிறார்?" என்று கேட்டதாக ஒரு கதை வழங்கிவருகிறது. எல்லா வீட்டிலும் எல்லா அப்பாக்களும் செய்வது இதைத்தான் என்று அந்தக் குழந்தை நம்பியிருக்கிறது. 1852-இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தம்மைப்போலக் கொட்டலசை வெறுத்தவர் எவருமில்லை என்று டார்வின் எழுதினார். அதன் பிறகும் இரண்டு ஆண்டுகள் அவர் அதை விடவில்லை. பிடித்திருப்பதால் ஒன்றைச் செய்வதும், விட முடியாததால் அதைச் செய்வதும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். செய்பவருக்கே கூட, ஒன்று எப்போது மற்றொன்றாக மாறியது என்பது தெரிவதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, தம் பிள்ளைகளுக்காக எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார். முப்பது வயது வரையிலும் அதற்குப் பின்னும் கூடக் கவிதை அவருக்குப் பெரும் இன்பம் தந்தது. பீகிள் கப்பல் பயணத்தில், கரையிறங்கிச் சுற்றும்போது ஒரே ஒரு நூலைத்தான் உடன் எடுத்துச்செல்ல முடியும் என்ற நிலையில் எப்போதும் ஆங்கிலக் கவிஞர் மில்டனையே எடுத்துச்சென்றவர் அவர். முதுமையில் அவரால் ஒரு வரிக் கவிதையைக்கூடப் படிக்க முடியவில்லை. ஷேக்ஸ்பியரைத் திரும்பப் படித்துப் பார்த்தபோது, குமட்டும் அளவுக்குச் சலிப்பாக இருந்ததாக எழுதுகிறார். ஓவியத்திலும் இசையிலும் இருந்த சுவையும் ஏறத்தாழப் போய்விட்டது. தம் மனம், குவித்து வைத்த உண்மைகளை அரைத்துப் பொது விதிகளை வெளியே தள்ளும் ஓர் எந்திரமாகிவிட்டதுபோல் தெரிகிறது என்கிறார். இன்னொரு முறை வாழக் கிடைத்தால், வாரத்துக்கு ஒருமுறையாவது கொஞ்சம் கவிதை படிப்பதையும் இசை கேட்பதையும் ஒரு விதியாக வைத்துக்கொள்வேன் என்றும் சொல்கிறார். இந்தச் சுவைகளை இழப்பது மகிழ்ச்சியை இழப்பது. அது அறிவுக்கும் ஊறு செய்யலாம், அதைவிடவும் நம் உணர்வுப் பகுதியைத் தளரச்செய்து ஒழுக்கத்துக்கே ஊறு செய்யக்கூடும் என்பது அவருடைய கணிப்பு.

படிப்பதிலும் பாட்டிலும் பத்து நிமிடங்களுக்கு மேல் மனம் நிற்பதில்லை என்று நீங்கள் எழுதிய வரியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். இரவில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், எத்தனை கடிகாரங்கள் வைத்திருக்கிறீர்கள் என்பவை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. ஓர் ஆர்வம் மனிதனை விழுங்கும்போது, மற்றவற்றின் சுவையைத்தான் முதலில் தின்கிறது. நேரத்தை அது பிடுங்கிக்கொள்வதுகூட இல்லை. மற்ற எதுவும் ருசிக்காமல் போனவன், நேரத்தைத் தானே கொண்டுபோய் அதனிடம் கொடுத்துவிடுகிறான்.

இருந்தும் டார்வினின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் நியாயம் செய்தவனாக மாட்டேன். கொட்டலசு ஆண்டுகளின் நடுவே, 1851 ஏப்ரலில், அவருடைய மகள் ஆன்னி நோய்ப்படுக்கையில் விழுந்தாள். சிகிச்சைக்காக அவளைத் தங்கவைத்திருந்த ஊருக்கு அவர் போனார், படுக்கையருகில் இருந்தார், கருவுற்றிருந்ததால் உடன் வர இயலாத மனைவிக்கு நாள்தோறும் எழுதினார். பத்து வயதில் அவள் இறந்தாள். கவிதைக்கு மூடிக்கொண்ட அந்த மனத்தின் கதவு பிள்ளைகளுக்கு மூடிக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் மனைவியோடு இரவுதோறும் பேக்கம்மன் என்ற பலகை ஆட்டம் ஆடினார். 1876-இல் நண்பருக்கு எழுதியபோது, தாம் வென்றவை 2,795 ஆட்டங்கள், மனைவி வென்றவை 2,490 என்று கணக்குச் சொல்கிறார். எல்லாவற்றையும் எண்ணிக் குறித்துவைக்கும் மனம்தான் அங்கும் வேலை செய்கிறது. ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ஒவ்வோர் இரவும்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளமையில் ஆறு ஆண்டுகள் நான் சதுரங்கத்தில் கிடந்தேன். ஒரு நாள், நெருங்கிய நண்பனின் தந்தை இறந்த வீட்டில் நின்றுகொண்டிருந்தேன். தரையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கற்கள் பதித்திருந்தார்கள். என் கால் இருந்த கட்டத்திலிருந்து, உடல் கிடத்தப்பட்டிருந்த மூலைக்குக் குதிரை எத்தனை நகர்வுகளில் போகும் என்று என் மனம் கணக்குப் போட்டது. ஐந்து என்று விடையும் வந்தது. நண்பன் வந்து என் கையைப் பிடித்தபோது, நான் அவனுக்காக அங்கே இல்லை என்பதை உணர்ந்து நடுங்கிப்போனேன். அவன் அதை அறியவில்லை. நான் இன்றும் மறக்கவில்லை.

அதன் பின் நெடுங்காலம் இதைப் பற்றி யோசித்திருக்கிறேன். நான் கண்டது இது. கடிகாரத்தின் பிழைக்கு ஓர் இடம் உண்டு. துடிப்பு சமமாக இல்லையென்றால், ஊசலைத் தள்ளும் அந்த மெல்லிய கம்பியை மயிரிழை வளைத்தோ, கடிகாரத்தைச் சற்றே சாய்த்தோ சரிசெய்துவிடலாம். சரியாகிவிட்டது என்பதை அடுத்த நொடியே காது சொல்லிவிடும். அழும் மகளின் துயரத்துக்கு அப்படித் தொட்டுக் காட்டக்கூடிய இடம் இல்லை. எதை எவ்வளவு வளைப்பது என்று தெரியாது, வளைத்தது சரியா என்று ஆண்டுக்கணக்கில் தெரியவராது. விடை உள்ள கேள்விகளின் நடுவே நெடுநாள் வாழ்ந்தவனுக்கு, விடையில்லாத கேள்விகளின் முன் உட்கார்ந்திருக்கும் பொறுமை தேய்ந்துபோகிறது. ஆகவே அவன் மேலும் ஒரு கடிகாரத்தைத் திறக்கிறான். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்தப் பரணில் நீங்கள் ஏறிய நாட்களில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் கடிதத்தில் எழுதவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். விடை கிடைக்காத ஏதோ ஒன்றிடமிருந்து விலகித்தான் பலர் இப்படி ஒரு மேசையின் முன் வந்து உட்காருகிறார்கள்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர் ராபர்ட் வாலரண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் இத்தகைய பற்றை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, வாழ்க்கையின் மற்ற பகுதிகளோடு இணங்கி நிற்கும் பற்று; இன்னொன்று, ஆளைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் பற்று. செலவிடும் நேரத்தை வைத்து மட்டும் இவற்றைப் பிரித்துவிட முடியாது. முதல் வகைக்காரர் வேண்டும்போது எழுந்துவிடுவார், எழுந்த பின் வேறொன்றில் மனம் செலுத்துவார். இரண்டாம் வகைக்காரர் எழுந்தாலும் மனம் மேசையிலேயே இருக்கும். மகள் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் கையில் கருவி இருந்ததா என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு அந்தத் துடிப்புதான் கேட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு எழுந்துவிட வேண்டுமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நான் சதுரங்கப் பலகையை ஒரே நாளில் தூக்கிப் போட்டேன். அடுத்த ஒன்றரை ஆண்டு, அந்த வெற்றிடத்தை வேறு எதையாவது கொண்டு அதே வேகத்தில் நிரப்பிக்கொண்டிருந்தேன். பழகிய பசி உணவை மாற்றிக்கொண்டதே தவிர அடங்கவில்லை. மேலும், உங்கள் கைகள் ஒன்பது ஆண்டுகளாகக் கற்றது உண்மையான கல்வி. அதைத் தண்டனையாகப் பறித்துக்கொண்டால், அந்த இழப்பின் கசப்பு, நீங்கள் எவருக்காகத் துறந்தீர்களோ அவர்கள் மீதே ஒருநாள் திரும்பும்.

டார்வின் முதுமையில் விரும்பியும் பின்பற்ற முடியாமல் போன அந்த விதியை நீங்கள் 46 வயதில் எடுத்துக்கொள்ளலாம். வாரத்தில் ஓர் இரவு மேசை விளக்கைப் போடாமல், முன்பு உங்களுக்குப் பிடித்திருந்த ஒரு நூலை எடுங்கள். பத்தாவது நிமிடத்தில் சலிப்பு வரும். அந்தச் சலிப்பை, நூலில் உங்களுக்கு ஒன்றுமில்லை என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெடுநாள் மடக்கியே வைத்திருந்த காலை நீட்டும்போது வரும் மரமரப்புப் போன்றது அது. இருபது நிமிடங்கள் இருங்கள். முதல் சில வாரங்களில் எதுவும் நடக்காது. நண்பர்களில் ஒருவரையாவது அழைத்து, கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அவர் சொல்வதை மட்டும் கேளுங்கள். எனக்குச் சுவை திரும்பி வர ஏறத்தாழ ஓராண்டு ஆனது. முதலில் வந்தது பாட்டு.

இவையெல்லாம் மெல்ல நடக்கட்டும். மகளிடம் பேசுவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். வெட்கம் போன பிறகு கேட்கலாம் என்று காத்திருந்தால் அது போகாது, வெட்கத்தோடேயே கேளுங்கள். "அன்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை. மறுபடியும் சொல்வாயா?" என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். காரணங்களை அடுக்க வேண்டாம், கடிகாரத்தைக் குறை சொல்ல வேண்டாம். அவள் கோபப்பட்டால் படட்டும், ஒன்றுமில்லை என்று சொல்லிப் போய்விட்டால் மறுநாளும் கேளுங்கள். உங்கள் அறையில் மட்டும் கேட்காதீர்கள். அந்த 63-இல் ஒன்றின் ஓசைகூட எட்டாத இடமாகப் பார்த்து அவளை அழைத்துப் போய் உட்காருங்கள்.

அன்புடன்.